நெபொ, நெபெஸா: ஒரு பழைய ஸ்லாவியச் சொல்லின் கதை

ருஷ்ய மொழி படிக்கத் தொடங்குகிற எவரும் முதல் சில மாதங்களிலேயே வானத்தில் இடறி விழுவார்கள். வானத்துக்கு ருஷ்யத்தில் நெபொ. ஆண்பாலும் பெண்பாலும் இல்லாமல் நடுப்பாலில் நிற்கும் இப்படிப்பட்ட சொற்களைப் பன்மையாக்குவது ரொம்பச் சுலபம் என்று பாடப்புத்தகம் அதற்கு முன்பே சொல்லிக்கொடுத்திருக்கும். கடைசி ‘ஒ’வை எடுத்துவிட்டு ‘ஆ’ போட்டால் போதும். சன்னல் ஒக்னொ, சன்னல்கள் ஒக்னா. சொல் ஸ்லொவொ, சொற்கள் ஸ்லொவா. அப்படியானால் வானங்கள் நெபா என்றுதானே வரவேண்டும்? வராது. நெபெஸா என்றுதான் வரும். நடுவில் ஒரு ‘எஸ்’ எங்கிருந்தோ வந்து உட்கார்ந்திருக்கும். ஆசிரியரிடம் கேட்டால், “அது விதிவிலக்கு, மனப்பாடம் பண்ணிக்கொள்” என்பார்.

அப்படிச் சொல்வது வகுப்பறைக்கு வசதி. ஆனால் வரலாற்றைப் பார்த்தால் கதை தலைகீழ். பழைய விதிப்படி ஒழுங்காக நடப்பது நெபெஸாதான். ஒழுங்காகத் தெரிகிற ஸ்லொவாதான் பிற்காலத்தில் விதியை மீறி வந்த வடிவம்.

இது எப்படி என்று புரிய, தமிழில் ‘மரம்’ என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். தனியாக நிற்கும்போது மரம். வேற்றுமை உருபு ஏறியதும் மரத்தை, மரத்துக்கு, மரத்தில். யாரும் ‘மரமை’ என்றோ ‘மரமில்’ என்றோ சொல்வதில்லை. இலக்கணம் அந்த இடைச்சொருகலை அத்துச் சாரியை என்கிறது. நமக்கு அது பிறந்ததிலிருந்து பழகிய ஒலி, அதனால் விசித்திரமாகத் தெரிவதில்லை. இப்போது ஒரு கற்பனை. இன்னும் சில நூற்றாண்டுகளில் தமிழர் எல்லோரும் மரமை, மரமுக்கு என்று பேசத் தொடங்கிவிடுகிறார்கள். ‘மரத்தடி’ என்ற ஒரு சொல் மட்டும் பழக்கத்தால் தப்பிவிடுகிறது. அந்தக் காலத்துப் பிள்ளைகள் ‘த்து’ எங்கிருந்து வந்தது என்று முழிப்பார்கள். இன்றைய ருஷ்யருக்கு நெபெஸா அப்படிப்பட்ட ஒரு மரத்தடி.

இனி மூலத்துக்குப் போவோம். ருஷ்யம், போலிஷ், செக், செர்பியம், பல்கேரியம் எல்லாவற்றுக்கும் தாயான மொழியை ஆதி ஸ்லாவியம் என்கிறார்கள். அது எழுதப்படவே இல்லை. மகள் மொழிகளை அருகருகே வைத்து, ஒலிகள் எப்படி மாறியிருக்க முடியும் என்று பின்னோக்கிக் கணக்குப் போட்டு மீட்டெடுத்த மொழி அது. அப்படி மீட்ட சொல்லுக்கு முன்னால் ஒரு சின்ன உடுக்குறி போடுவது மொழியியலாளர் வழக்கம். 19ஆம் நூற்றாண்டில் இந்த வழக்கத்தைப் பரப்பியவர் ஜெர்மானியரான ஆகுஸ்ட் ஷ்லைகர். இந்தக் குறி இருந்தால், ‘கணக்கில் வந்தது, கண்ணால் பார்த்ததில்லை’ என்று பொருள். உடு என்றால் நட்சத்திரம் என்பதால், வானத்தைக் குறிக்கும் சொல்லுக்கு அது பொருத்தமாகவே அமைந்துவிட்டது.

நல்ல வேளையாக, இந்தச் சொல்லுக்குக் கணக்கு மட்டுமல்ல, ஏறக்குறைய நேரடிச் சாட்சியும் உண்டு. 863ஆம் ஆண்டளவில் தெஸ்ஸலோனிக்கி நகரத்துச் சகோதரர்களான கிரிலும் மெத்தோடியஸும் இன்றைய செக் நாட்டுப் பக்கத்து மொராவியாவுக்குப் போய், விவிலியத்தையும் வழிபாட்டு நூல்களையும் ஸ்லாவியத்தில் பெயர்க்கத் தொடங்கினார்கள். அந்த மொழிக்குப் பழைய திருச்சபை ஸ்லாவியம் என்று பெயர். நம் கைக்குக் கிடைத்துள்ள அதன் ஏடுகள் 10, 11ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்தவை. ஆதி ஸ்லாவியம் கிளைகளாகப் பிரிந்து அதிக காலம் ஆகாத நேரத்து மொழி என்பதால், தாயின் முகம் அதில் நன்றாகவே தெரிகிறது.

அந்த ஏடுகளில் வானம் இப்படி நடக்கிறது. வானம் என்பதற்கும் வானத்தை என்பதற்கும் நெபொ. நடுப்பாலில் எழுவாயும் செயப்படுபொருளும் ஒரே வடிவம். ‘மரம் வெட்டினான்’ என்று நாமும் ஐ இல்லாமல் சொல்வதில்லையா, அதுபோல. இதைத் தாண்டியதும் எல்லாவற்றிலும் ‘எஸ்’ ஏறிவிடுகிறது. வானத்தின் என்றால் நெபெஸெ. வானத்துக்கு நெபெஸி. வானத்தால் நெபெஸிமி. வானத்தில் மறுபடி நெபெஸெ. பன்மையில் வானங்கள் நெபெஸா, வானங்களின் நெபெஸு, வானங்களுக்கு நெபெஸிமு, வானங்களில் நெபெஸிஹு. இரண்டு பொருள்களை மட்டும் குறிக்கும் இருமை எண்ணும் அந்த மொழியில் இருந்தது. இரண்டு வானங்கள் யாருக்கு எப்போது தேவைப்பட்டன என்று கேட்கக்கூடாது. இலக்கணம் அதற்கும் நெபெஸே என்று ஒரு வடிவம் வைத்திருந்தது.

இந்த வடிவங்களின் உச்சரிப்பைப் பற்றித் தமிழருக்குச் சொல்வது எளிது. நெபெஸிஹுவில் வரும் இகரமும் கடைசி உகரமும் முழு ஒலிகள் அல்ல. மாத்திரை குறைந்த ஒலிகள். ஸ்லாவிய மொழியியலில் இவற்றை யெர் என்று அழைத்து, வேறு மொழிக்காரர்களுக்குப் பக்கம் பக்கமாக விளக்க வேண்டியிருக்கிறது. நமக்குக் குற்றியலிகரம், குற்றியலுகரம் என்று இரண்டே சொல்லில் முடிந்துவிடும். இந்தக் குற்றொலிகள் பின்னால் எல்லா ஸ்லாவிய மொழிகளிலும் சில இடங்களில் உதிர்ந்தன, சில இடங்களில் முழு உயிராகத் தடித்தன. நெபெஸிஹு பழைய போலிஷ் மொழியில் நியெபியெஸியெஹ் என்று ஆனது அப்படித்தான்: கடைசிக் குற்றுகரம் போய்விட்டது, அதற்கு முந்தைய குற்றிகரம் எகரமாகத் தடித்துவிட்டது.

சரி, அந்த ‘எஸ்’ யார்? தமிழின் அத்துச் சாரியையைப் போல அதை இடையில் வந்து சேர்ந்த ஒன்றாக நினைத்தால் தவறிவிடுவோம். அது சொல்லின் உடம்பிலேயே இருந்த பகுதி. இதற்குச் சாட்சி சொல்ல ஸ்லாவியத்துக்கு வெளியே உள்ள உறவினர்களைக் கூப்பிட வேண்டும்.

சமஸ்கிருதத்தில் நபஸ் என்றால் மேகம், மூடுபனி, வானம். ‘நபத்தின்’ என்று சொல்ல நபஸஸ். இந்தச் சொல் நம் வீட்டுக்கும் வந்திருக்கிறது. நபம் என்று தமிழ் அகராதிகளில் உண்டு, நபோமண்டலம் என்பது பழைய எழுத்துகளில் சாதாரணம். கிரேக்கத்தில் நெஃபொஸ், பொருள் மேகம். அதன் உடைமை வடிவம் ஹோமரின் மொழியில் நெஃபெஒஸ். அங்கே இரண்டு உயிர்களுக்கு நடுவே இருந்த ஸகரம் கரைந்துவிட்டது; எ, ஒ என்று இரண்டு உயிர்கள் ஒட்டாமல் நிற்பதே அது இருந்த இடத்தின் தழும்பு. லத்தீன் நெபுலா, ஜெர்மன் நேபெல் இரண்டும் வேறு விகுதி சேர்ந்த தம்பிகள். இரண்டுக்கும் மூடுபனி என்று பொருள். வானியல் கட்டுரைகளில் நாம் எழுதுகிற நெபுலா அந்த லத்தீன்காரர்தான்.

இன்னொரு சாட்சி துருக்கியின் போகாஸ்கோய் மண்ணிலிருந்து வந்தது. ஹிட்டைட் என்ற பண்டைய பேரரசின் களிமண் பலகைகள் அங்கே ஆயிரக்கணக்கில் கிடைத்தன. அந்த மொழியும் சமஸ்கிருதம், கிரேக்கம், லத்தீன், ஸ்லாவியம் எல்லாம் சேர்ந்த இந்தோ-ஐரோப்பியக் குடும்பத்து மொழிதான் என்று 1915இல் காட்டியவர் பெத்ரிஹ் ஹ்ரோஸ்னி என்ற செக் அறிஞர். ரொட்டி தின்பது பற்றிய ஒரு வாக்கியத்தில் ‘வாதர்’ என்ற சொல்லைக் கண்டு, அது தண்ணீர்தான் என்று அவர் பிடித்த கதை பிரபலம். அதே மொழியில் வானத்துக்கு நேபிஸ், வானத்தின் என்பதற்கு நேபிஸஸ். அவருடைய தாய்மொழியான செக்கில் வானம் நெபெ. மூவாயிரம் ஆண்டுக்கு மேல் மண்ணுக்கடியில் கிடந்த சொல்லும், ஒரு செக் வீட்டில் தினமும் புழங்கும் சொல்லும் ஒன்றே.

எல்லாச் சாட்சிகளையும் சேர்த்தால் மூலம் கிடைத்துவிடுகிறது: நெபொஸ். நடுவில் உள்ள பகரம் சமஸ்கிருதத்தில் இருப்பதுபோல மூச்சோடு சொல்லும் ஒலி. ஸ்லாவியத்தில் அந்த மூச்சு போய்ச் சாதாரண ஒலியாகிவிட்டது. தனியாக நிற்கும்போது ஈறு ‘ஒஸ்’. பின்னால் உருபு ஏறினால் அதே ஈறு ‘எஸ்’. ஆக, வானம் நெபொஸ், வானத்தின் நெபெஸ்-எஸ். ஆதி ஸ்லாவியம் உருவாகும் வழியில், சொல்லின் கடைசியில் நின்ற மெய்கள் எல்லாம் உதிர்ந்தன. ஒவ்வோர் அசையும் உயிரில்தான் முடியவேண்டும் என்ற பிடிவாதம் அந்த மொழிக்கு வந்துவிட்டது. வாசலில் நின்ற ஸகரம் விழுந்தது: நெபொஸ் நெபொ ஆனது. வீட்டுக்குள்ளே இருந்த ஸகரத்தைப் பின்னால் வந்த உயிர் காப்பாற்றியது: நெபெஸ்-எஸ் என்பதில் கடைசி ஸகரம் மட்டும் போய், நெபெஸெ என்று நின்றது. ஆக, ‘எஸ்’ எங்கிருந்தும் வந்து ஒட்டிக்கொள்ளவில்லை. எழுவாயில்தான் அது தொலைந்துபோனது.

வானங்களில் என்ற நெபெஸிஹுவை இன்னும் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாம். அதன் கடைசி ‘ஹு’ ஒரு காலத்தில் ‘ஸு’. சமஸ்கிருதத்திலும் பன்மையில் ‘இல்’ என்பதற்கு உருபு ஸுதான்: படைகளில் என்றால் சேனாஸு. ஆனால் நெருப்புகளில் என்றால் அக்னிஷு. முன்னால் இகரம் வந்தால் அங்கே ஸ ஷவாகத் திரிகிறது. ஸ்லாவியத்திலும் அதே இடத்தில் ஸ திரிந்தது. திரிந்து, தொண்டையில் உரசும் ஹகரமாயிற்று. அதனால் ஒரே சொல்லுக்குள் இரண்டு ஸகரங்களுக்கு இரண்டு விதி. எகரத்துக்குப் பின்னால் வந்த முதல் ஸ அப்படியே இருக்கிறது. இகரத்துக்குப் பின்னால் வந்த இரண்டாவது ஸ உருமாறிவிட்டது. அந்த இகரமும் இந்தச் சொல்லின் சொந்த இகரம் இல்லை; இகர ஈற்றுப் பெயர்களிடம் கடன் வாங்கியது. ஒரு சின்னச் சொல்லுக்குள் இவ்வளவு வியாபாரம் நடந்திருக்கிறது.

எல்லாம் ஒழுங்காகப் பொருந்துகிறதே என்று நிமிரும்போது ஒரு முள் குத்தும். நெபொவின் கடைசி ஒகரம் அங்கே இருக்கவே கூடாது. ஓநாயைக் குறிக்கும் ஆண்பால் சொல்லும் ‘ஒஸ்’ என்றுதான் முடிந்தது. ஸ்லாவியத்தில் அந்த ‘ஒஸ்’ குற்றியலுகரமாகத் தேய்ந்து வில்கு என்று ஆனது. அதே விதிப்படி வானம் நெபு ஆகியிருக்க வேண்டும். ஏன் நெபொ? நூறாண்டுக்கு மேலாக இதில் வழக்கு நடக்கிறது. ஒரு தரப்பு, ‘அது’ என்று பொருள்படும் நடுப்பால் சுட்டுச்சொல்லான தொவைக் கைகாட்டுகிறது. ‘தொ நெபொ’ என்று எப்போதும் கூடவே வந்ததால், சுட்டின் ஓசை பெயருக்கும் தொற்றிக்கொண்டது என்பது அவர்கள் வாதம். இன்னொரு தரப்போ, ‘ஒஸ்’ ஒகரமாவதுதான் இயல்பான விதி, ஆண்பால் சொற்கள்தான் தங்கள் செயப்படுபொருள் வடிவத்தை எழுவாய்க்கும் எடுத்துக்கொண்டன என்கிறது. எனக்கு முதல் தரப்பே இயல்பாகப் படுகிறது. ஓநாய்போல உகரத்தில் முடிந்திருந்தால் வானமும் ஆண்பாலாகக் கருதப்பட்டிருக்கும். நடுப்பாலுக்கு ஓர் அடையாளம் தேவைப்பட்டது, பக்கத்திலேயே அது கிடைத்தது.

பொருள் மாறிய விதத்தையும் பார்க்க வேண்டும். கிரேக்கர், ரோமானியர், ஜெர்மானியரிடம் மேகமும் பனியும். ஸ்லாவியரிடமும் ஹிட்டைட்டுகளிடமும் வானம். மேகத்திலிருந்து வானம் என்பதே பலர் ஒப்புக்கொள்ளும் திசை. தமிழருக்கு இதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. குறளில் வான்சிறப்பு என்ற அதிகாரம் முழுக்கப் பேசுவது மழையை. வானம் பொய்த்துவிட்டது என்றால் மேலே நீலம் காணாமல் போனது என்று யாரும் எடுத்துக்கொள்வதில்லை. வானம் பார்த்த பூமி என்பது மழையை நம்பிய நிலம். மேலே இருப்பதற்கும் மேலிருந்து வருவதற்கும் ஒரே சொல் போதும் என்று பல ஊர்க்காரர்கள் தனித்தனியாக முடிவுக்கு வந்திருக்கிறார்கள். பால்டிக் பக்கத்து வீட்டில் அந்த இழுபறி இன்னும் முடியவில்லை: லித்துவேனியத்தில் தெபெஸிஸ் என்றால் மேகம், லாத்வியத்தில் அதே சொல் வானம். அங்கே முதல் எழுத்து நகரத்திலிருந்து தகரமாகியிருக்கிறது. சமஸ்கிருதத்தின் நவ, அதாவது ஒன்பது, லித்துவேனியத்திலும் ஸ்லாவியத்திலும் தகரத்தில்தான் தொடங்குகிறது, இதே குணம்தான்.

நெபொ வானமாகிவிட்ட பிறகு மேகத்துக்குச் சொல் வேண்டுமே? மேலே இழுத்துப் போர்த்தியது என்ற பொருளில் ஒப்லாகு என்று ஒன்றைக் கட்டிக்கொண்டார்கள். வானத்துக்கு இருந்த இன்னும் பழைய வேர், சமஸ்கிருதத்தில் த்யௌஸாகவும் கிரேக்கத்தில் ஸீயூஸாகவும் நிற்கும் வேர், ஸ்லாவியத்தில் பகலைக் குறிக்கும் தினி என்ற சொல்லில் ஒதுங்கிவிட்டது. நம் தினத்துக்கு அது பங்காளி. இன்னொரு வேடிக்கை: விண்ணைத் தொடும் கட்டடத்தை ருஷ்யர் நெபஸ்க்ரியோப் என்கிறார்கள், வானத்தைச் சுரண்டுவது. செக்கில் அது ம்ரகொத்ரப், மேகத்தைச் சுரண்டுவது. ஜெர்மனும் மேகம்தான்.

அப்புறம் மகள் மொழிகளில் என்ன ஆனது? எழுவாயில் ஒரு முகம், மற்ற இடங்களில் வேறு முகம் என்ற இரட்டை வாழ்க்கையை மொழி ரொம்ப நாள் பொறுத்துக்கொள்ளாது. எண்ணிக்கையில் மிகுந்த சாதாரண ஒகர ஈற்றுப் பெயர்கள் ஒருமையை விழுங்கிவிட்டன. ருஷ்யத்தில் வானத்தின் என்றால் இன்று நெபா; செர்பியத்திலும் அப்படியே. அதாவது ‘மரமை’ வந்துவிட்டது. ஆனால் எல்லாச் சொல்லிலும் முடிவு ஒரே மாதிரி அமையவில்லை. சக்கரத்துக்குப் பழைய சொல் கொலொ, அதன் வேற்றுமை முகம் கொலெஸ். ருஷ்யத்தில் எழுவாய்தான் தோற்றது. வேற்றுமை முகமே முன்னுக்கு வந்து, சக்கரம் இன்று கொலெஸொ. தமிழில் ‘மரத்தம் வளர்ந்திருக்கிறது’ என்று சொல்வதற்குச் சமம் அது. ஸ்லொவீனியர் இதில் பழமைவாதிகள். கொலொ, கொலெஸா என்று இரண்டு முகத்தையும் ஒருமையிலேயே வைத்திருக்கிறார்கள், இன்று அவர்களுக்குக் கொலொ என்றால் சைக்கிளும்கூட. உடம்புக்கான தெலொவும் அங்கே தெலெஸா என்றுதான் மாறுகிறது.

ருஷ்யத்தில் இந்தக் குடும்பத்துப் பன்மைகளில் உயிரோடு தப்பியவை எவை என்று பார்த்தால் ஒரு காரணம் பிடிபடும். நெபெஸா, அதாவது விண்ணுலகம். சுதெஸா, அதாவது அற்புதங்கள். இரண்டும் கோவில் சொற்கள். வாராவாரம் வழிபாட்டில் காதில் விழுந்துகொண்டே இருந்ததால் பழைய உருவம் தேயவில்லை. சொற்களுக்கான ஸ்லொவெஸாவை இன்று சொன்னால் பழங்கால நெடி அடிக்கும். உடம்புகளுக்கான தெலெஸா கேலிச்சொல்லாகிப் பருத்த சரீரத்தைக் குறிக்கிறது. நாம் ‘தேகம்’ என்று இழுத்துச் சொல்வதுபோல.

அதிலும் வானத்துக்குப் பன்மை எதற்கு என்ற கேள்விக்குப் பதில் தமிழ் விவிலியத்திலேயே இருக்கிறது. கிறிஸ்தவர் தினமும் சொல்லும் ஜெபம் பழைய மொழிபெயர்ப்பில் ‘பரமண்டலங்களிலிருக்கிற எங்கள் பிதாவே’ என்று தொடங்குகிறது. மண்டலங்கள், பன்மை. அடுத்த வசனத்தில் ‘பரமண்டலத்திலே செய்யப்படுகிறதுபோல’ என்று ஒருமை. எழுத்துப்பிழை ஒன்றுமில்லை, கிரேக்க மூலத்தில் அப்படியே இருக்கிறது. அந்தப் பன்மைக்குப் பின்னால், பன்மை உருவம் மட்டுமே உள்ள எபிரேயச் சொல் நிற்கிறது. ஸ்லாவிய மொழிபெயர்ப்பாளர்களும் அதே கவனத்தோடு முதலிடத்தில் நெபெஸிஹு என்று பன்மையும், அடுத்த இடத்தில் நெபெஸெ என்று ஒருமையும் போட்டார்கள். பிற்காலத் திருச்சபை வழக்கில் ஒருமை நெபெஸியாக மாறியது, ‘எஸ்’ மட்டும் நகரவில்லை.

திருச்சபையின் கை ருஷ்ய ஒருமையிலும் பட்டிருக்கிறது. ருஷ்யத்தில், அழுத்தம் விழும் எகரம் இப்படிப்பட்ட இடத்தில் ‘யோ’ ஆகத் திரிவது வழக்கம். அந்த விதிப்படி நெபொ ந்யோபொ ஆகியிருக்க வேண்டும். ஆகியும் இருக்கிறது, ஆனால் பொருள் வேறு: வாயின் மேற்கூரை, அதாவது அண்ணம். மேலே வளைந்து கவிந்திருப்பதால் அதையும் வானம் என்றே அழைத்தார்கள். கிரேக்கத்தில் அரிஸ்டாட்டிலும் அண்ணத்துக்கு வானத்தின் பெயரையே சொல்கிறார். தமிழில் அண்ணத்தின் வேர் ‘அண்’, மேல். அண்ணாந்து பார் என்பதிலும் அதே அண்தான். ஆகாயத்தைக் குறிக்கும்போது மட்டும், கோவிலில் ஓதும் உச்சரிப்பு எகரத்தை எகரமாகவே காப்பாற்றிவிட்டது. எழுத்தில் இரண்டுக்கும் வித்தியாசம் தலைமேல் இரண்டு புள்ளிகள். ருஷ்யர்கள் அவசரத்தில் அந்தப் புள்ளிகளை வைப்பதில்லை, அதனால் அச்சில் வானமும் அண்ணமும் பெரும்பாலும் ஒன்றாகவே கிடக்கின்றன.

போலிஷில் கதை வேறு திருப்பம் எடுத்தது. வானத்தைச் சேர்ந்தது என்று பெயரடை ஆக்க, நெபெஸ் என்ற அடியோடு ‘ஸ்கி’ என்ற விகுதி சேர்ந்தது. அது நியெபியெஸ்கி. விண்ணரசு என்பதற்கு இன்றும் அந்த அடைமொழிதான். ஆனால் தெருவில் அதற்கு நீலம் என்று பொருள். வார்சாவில் ஒருவர் கடைக்குப் போய் நீலச் சட்டை கேட்டால் நியெபியெஸ்கி என்றுதான் சொல்வார். அந்தச் சொல்லில் ஒரே ஓர் ஸகரம்தான் கேட்கும். அதில் பாதி விகுதியுடையது. மீதிப் பாதி நெபொஸிலிருந்து வந்தது.